பீரங்கிக்கு எத்தனை அங்குலம்

ஆடி 3, திங்கள்

கச்சான் காற்று. உப்புவெளியிலிருந்து துறைமுகம் வந்து சேர்வதற்குள் கண்ணில் மண், பல்லிடுக்கில் மண். சைக்கிள் பின்சில்லு இன்னும் கோணல்.

புது வேலை. வார்ப்புப் பட்டறைக்கு மாதிரிக் கட்டை செய்துகொண்டிருந்தவனை ஓவசியர் கூப்பிட்டுத் துரைமார் அறைக்கு அனுப்பிவிட்டார். சின்ன அறை. நடுவில் ஒரு மேசை, ஆறடிக்கு நாலடி. அதைவிடப் பெரிது வாசலுக்குள் நுழையாது. அதன் மேல் மணலும் சாந்தும் போட்டுப் பட்டினத்திலிருந்து உப்புவெளி தாண்டி வடக்கே போகும் கரையைச் செய்ய வேண்டும். பிறகு மரத்தில் படை. காலாள், லொறி, பீரங்கி. எதிரி கரையில் இறங்கினால் யார் எங்கே நிற்பது என்று துரைமார் அவற்றை நகர்த்திப் பார்ப்பார்களாம். விளையாட்டு என்றுதான் சொன்னார்கள். சிரிக்காமல் சொன்னார்கள்.

துரைமார் இரண்டு பேர்.
நெ.து. - நெட்டைத் துரை. இளம் ஆள். மெல்லப் பேசுவார்.
மீ.து. - மீசைத் துரை. அவருக்கு மேலானவர். கண் பார்வை மட்டு, ஒப்புக்கொள்ளமாட்டார்.

பெயர் எழுதவில்லை. உள்ளே நடப்பதை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. எழுதாவிட்டால் எனக்கு ஒன்றும் மண்டையில் நிற்காது. இந்தக் கொப்பி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். நாகேஸ் வாசிக்கமாட்டாள்.

நாகேஸுக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம் குறையவில்லை. முதல் இரண்டும் ஏழிலேயே போனவை. இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆடி 4, செவ்வாய்

அளவு: மேசையில் ஒரு அடி, தரையில் ஒரு மைல். அப்படியென்றால் ஒரு அங்குலம் 440 அடி. மரச்சிப்பாய் ஒரு அங்குல உயரம். கோணேசர் மலை இவன் தோள்வரைதான் வரும். நெ.து.விடம் சொன்னேன். ஆள் உயரத்தைப் பார்க்காதே, அடிப்பலகையை மட்டும் பார் என்றார்.

அடிப்பலகை என்றால் பொம்மை ஒட்டி நிற்கிற சதுரக் கட்டை. அது எத்தனை அங்குலம் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை. நானே வெட்டிப் பார்த்தவை:

முக்கால் அங். - காற்றில் விழுகிறது. பிடித்துத் தூக்கவும் விரலுக்கு இடமில்லை. ஒன்றைத் தூக்கினால் பக்கத்தில் மூன்று சாய்கிறது.
1 அங். - காலாளுக்குச் சரி.
2 அங். - அசையாது. ஆனால் மேசை சின்னது. நாலு வைத்தால் தெரு அடைத்துவிட்டது. ஒன்றை ஒன்று தாண்ட ஏலாது.

மத்தியானம் கேட்டேன்: அடிப்பலகை பொம்மை விழாமல் இருக்கவா, அல்லது அந்தப் படை பிடிக்கிற நிலமே அதுதானா?

மீ.து.: விழாமல் இருக்கத்தான். பெரிதாய் வெட்டு, என் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
நெ.து. (மீ.து. போன பிறகு): அதுதான் நிலம். அந்தச் சதுரத்துக்குள் அவர்கள் நிற்கிறார்கள், அதற்கு வெளியே ஒரு முழம்கூட வேண்டாம். சின்னதாய் வெட்டு.

இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன வெட்டுவது?

பாண் இல்லை இன்று. கூப்பன் இருக்கிறது, பாண் இல்லை.

ஆடி 6, வியாழன்

கடைசல் மெசினில் நிற்கிற காதர் நானா பித்தளைத் துண்டில் பீரங்கி கடைந்து தந்தார். ஆறு. அச்சு அசல். ஆனால் பாரம். 1¼ அங். பலகையில் வைத்தால் மூக்குக் குப்புற விழுகிறது. 1½ அங். பலகையில் நிற்கிறது. மேசையைத் தட்டினேன், நின்றது. மின்விசிறியைப் போட்டேன், நின்றது.

காதர் நானா: "என்ன தம்பி, சின்னப் பிள்ளையள் மாதிரி பொம்மையோட மல்லுக்கட்டுறீங்க? சம்பளம் தந்து விளையாட விடுறானுகளா?"

சொல்லக் கூடாது என்று சொன்னேன். "அப்ப பெரிய விளையாட்டுத்தான்" என்றார்.

துரைமாரிடம் பீரங்கிக்கு ஒன்றரை என்றேன். மீ.து.வுக்கு அது பெரிதாய்ப்பட்டது, நெ.து.வுக்குச் சின்னதாய்ப்பட்டது. இருவரும் சரி என்றார்கள். 660 அடி, பீரங்கிகளும் குண்டுக் கொட்டிலும் ஆட்களும் நிற்க அதுதான் வேண்டும், கணக்கும் ஒத்துவருகிறது என்று நெ.து. தாளில் எழுதி வைத்தார். ஒரு வேலை முடிந்தது. மாலைச் சங்கு ஊதுவதற்குள் எல்லாப் பலகையும் வெட்டி, உரசி, மெழுகு போட்டுவிட்டேன். முதிரை மரம். நல்ல வழுவழுப்பு.

ஆடி 8, சனி

அரை நாள் வேலை. மேசையில் வீடு வைத்தேன். வீட்டுக்கு ஒரு மரச்சில்லு, அரை நெல்மணி அளவு. சாமணத்தால் எடுத்துப் பசை தொட்டு வைப்பது. பட்டினம் முடிய முதுகு விட்டுப்போயிற்று. உப்புவெளிக்கு வந்ததும் அலுப்புப் பறந்தது. ஒவ்வொரு வளவும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம், வடக்கிலிருந்து தெற்காக: கற்பாறை. சின்னராசா அண்ணை வளவு. யாரோ கொழும்புக்காரரின் தென்னந்தோட்டம். எங்கள் வளவு. பிறகு சதுப்பு. தோட்டம் பெரிது, இரண்டு வளவும் அதன் இரண்டு கரையில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. சின்னராசா அண்ணை கரைவலைக்காரர். எனக்குப் பதினைந்து வயது மூப்பு. மனைவி பூமணி அக்கா. நான்கு பெண்பிள்ளைகள்.

நெ.து. வந்து பார்த்தார். உன் வீடு எது என்று கேட்டார். சாமண நுனியால் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். அழகான இடம் என்றார். எனக்கு நல்ல புளுகம். வீட்டுக்கு வந்து நாகேஸிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

"என்னப்பா, விசர் பிடிச்சுப்போச்சோ?"

ஆடி 10, திங்கள்

இன்று விளையாடினார்கள்.

ஓரத்தில் நின்றேன், எது உடைந்தாலும் ஒட்ட. நெ.து. எதிரி. மீ.து. எங்கள் பக்கம். எதிரி உப்புவெளிக்கு வடக்கே இறங்கினான். மீ.து. காலாளைத் தெருவால் அனுப்பினார். நெருக்கடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிற்று. மூன்றாம் தரம் பீரங்கிக்கு இடம் தேடினார். அங்கே வைத்தார், இங்கே வைத்தார். பிறகு பாறைக்கும் சதுப்புக்கும் நடுவில் வைத்தார். மயிரிழை இடைவெளி இல்லை. பெட்டிக்கு மூடி மாதிரி இறங்கிற்று.

எவ்வளவு பொருத்தம் என்று சந்தோஷப்பட்டேன். உண்மை. முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அடியில் இரண்டு சில்லு அகப்பட்டுப் பலகை சற்று ஆடிற்று. மீ.து. தூக்கி, நகத்தால் இரண்டையும் சுரண்டி, சாம்பல் தட்டில் போட்டார். திரும்ப வைத்தார். ஆடவில்லை.

ஒன்று சின்னராசா அண்ணை வீடு. மற்றது எங்கள் வீடு.

பிறகு அந்த அடிப்பலகையைத் தூக்கி, சுவரில் இருந்த நிலப்படத்தில் அதே இடத்தில் வைத்து (படமும் அடிக்கு மைல்தான்) பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தார். நெ.து. கையெழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது.

விளையாட்டுத்தானே? விளையாட்டில் இழுத்த கோட்டுக்கு ஏன் கையெழுத்து?

ஆடி 11, செவ்வாய்

விளங்கிவிட்டது.

வேலையால் வந்தபோது தெருவோரம் முளைக்கட்டை. வெள்ளை பூசிய தலை. பாறையிலிருந்து சதுப்புவரை. சங்கிலி பிடித்து அளந்தார்களாம். எங்கள் கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டில் பக்கம் ஒன்று. நாகேஸ் படியில் இருந்தாள். எழும்பவில்லை.

"ஆரோ வந்து தமிழில சொன்னாங்கள். பதினாலு நாளுக்குள்ள விடவேணுமாம். நட்டஈடு பேந்து தருவினமாம்."

"நான் நாளைக்குக் கேக்கிறன்."

"ஆடி மாசம் ஆர் வீடு மாறுறது? அதுவும் பிள்ளைத்தாச்சி. அடுப்பை இடம் மாத்தக்கூடாது எண்டு அம்மா சொல்லிச் சொல்லித்தான் அனுப்பினவ. போன முறை அந்த வாடகை வீட்டால வெளிக்கிட்டுப் பத்தாம் நாள்..."

போன முறை மாறினோம்தான். பத்தாம் நாள்தான். வைத்தியர் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் நம்ப ஏலாமல் இருக்கிறது.

சின்னராசா அண்ணையும் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார், உள்ளே வரவில்லை.

"தம்பி, நீங்கள் உள்ளுக்க வேலை செய்யிறனீங்கள். இது என்ன கதை? தோட்டம் முழுக்கச் சும்மா கிடக்கு. அதுக்குள்ள வைக்கட்டன். எங்கட வளவு ரெண்டும் என்னத்துக்கு?"

எனக்குத் தெரியாது அண்ணை என்றேன்.

ஆடி 12, புதன்

வேலை ஓடவில்லை. உளியால் விரலை வெட்டிக்கொண்டேன். பெரிதில்லை.

அவர் கேட்டதையே யோசிக்கிறேன். தோட்டம் மட்டும் ஏன் போதாது? 660 அடி என்றார் நெ.து. தோட்டம் எத்தனை அடி?

ஆடி 13, வியாழன்

விடிய எழும்பி அளந்தேன். கயிற்றில் முடிச்சுப் போட்டு.

எங்கள் வளவு - 110 அடி.
தோட்டம் - 550 அடி.
சின்னராசா அண்ணை வளவு - 110 அடி, கொஞ்சம் கூட.
மொத்தம் - 770.

660 கேட்டவர்கள் 770ஐ ஏன் எடுத்தார்கள்? சைக்கிள் முழுத் தூரமும் இதே கூட்டல். கச்சேரியடியில் ஒரு லொறிக்காரன் ஏசினான்.

பட்டறையில் மிஞ்சிக் கிடந்த பீரங்கிப் பலகை ஒன்றை அளந்தேன். ஒன்றேமுக்கால்.

திரும்ப அளந்தேன். ஒன்றேமுக்கால். அடுத்ததை எடுத்தேன். ஒன்றேமுக்கால்.

பதினொரு வருடம் மாதிரிக் கட்டை செய்த கை. வார்ப்புக்குப் போகிற கட்டை எதையும் சொன்ன அளவுக்கு வெட்டமாட்டோம். ஊற்றி எடுத்த இரும்பைக் கடைந்து மட்டப்படுத்தத் தோல் வேண்டும், அதனால் ஒவ்வொரு விளிம்பிலும் அரைக்கால் அங்குலம் கூட விடுவது. யாரும் சொல்லத் தேவையில்லை. கோடு கீறும்போதே பென்சில் வெளியே போய்விடும். ஒன்றரை என்று கீறி, அரைக்காலும் அரைக்காலும் விட்டு வெட்டியிருக்கிறேன். கடையப் போகாத கட்டைக்கு, உருக்க ஒன்றுமில்லாத கட்டைக்குத் தோல் விட்டிருக்கிறேன்.

கால் அங்குலம். 110 அடி. ஒரு வளவு.

காதர் நானாவிடம் மட்டும் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நானும் விட்டுத்தான் வெட்டியிருப்பன் தம்பி. கை பழகினா அப்பிடித்தான். போய்ச் சொல்லுங்க."

"வேலை போனா?"

"வீடும் போய் வேலையும் இருந்து என்ன செய்யப் போறீங்க?"

ஆடி 14, வெள்ளி

இதை ஒழுங்காய் எழுத வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

காலை இரண்டு பலகை வெட்டினேன். ஒன்று ஒன்றரை, சரியாக. மற்றது ஒன்றேகால். ஒன்றேகால் என்றால் 550 அடி, தோட்டம் மட்டும், இரண்டு வீடும் தப்பும். பித்தளை விழாமல் இருக்க அடியில் ஈயத் தகடு பதித்தேன். நின்றது. ஒன்றேகாலைத்தான் முதலில் கொடுத்தேன்.

நெ.து. தனியே இருந்தார். தவறைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், படமும் கீறிக் காட்டி. ஏசவில்லை. பழைய பலகையை அளந்தார். காது சிவந்தது. அளக்காமல் கையெழுத்துப் போட்டது தான்தான் என்றார். பிறகு புதியதையும் அளந்தார். இது ஒன்றேகால் என்றார். பேசாமல் மற்றதை எடுத்து நீட்டினேன். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. 660க்குக் குறைய ஏலாது, குண்டுக் கொட்டிலைப் பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் சேர்ந்து போவோம் என்றார். அது நியாயம்தான்.

ஒன்றரைப் பலகையை மேசையில் வைத்தார். பாறையோடு ஒட்டி வைத்தால் எங்கள் வளவு வெளியே. சதுப்போடு ஒட்டி வைத்தால் சின்னராசா அண்ணை வளவு வெளியே. இரண்டு தரம் அங்குமிங்கும் தள்ளினார். தனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றார். பிறகு பலகையை என் கையில் தந்தார்.

நீ அந்த மண்ணை அறிந்தவன், மாரியில் எந்தப் பக்கம் இறுக்கமாய் இருக்கும், நீயே வை என்றார்.

மாரியில் எங்கள் பக்கம் சேறு. முழங்கால்வரை புதையும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாறைப் பக்கம்தான் இறுக்கம்.

பாறையோடு ஒட்டி வைத்தேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சேறு அந்தப் பக்கம் இருந்திருந்தாலும் நான் அங்கேதான் வைத்திருப்பேன். இரண்டும் ஒன்றாய் வந்துவிட்டதால் நான் எதற்காக வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலே சரியாய் வெட்டியிருந்தால் மீ.து. ஏதோ ஒரு பக்கம் வைத்திருப்பார். எங்கள் பக்கமோ அவர்கள் பக்கமோ, அது அவர் கை. பிழை விட்டதால் அது என் கையாகிவிட்டது.

நெ.து. சாம்பல் தட்டைக் கிளறி ஒரு சில்லை எடுத்துத் தந்தார். எந்த வீட்டுச் சில்லு என்று தெரியாது, எல்லாம் ஒரே மாதிரித்தான் வெட்டினேன். எங்கள் இடத்தில் ஒட்டினேன்.

ஆடி 15, சனி

கிணற்றடி முளையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாகேஸ் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மூன்று நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

"நீங்கள் கதைச்சதாலதான், என்ன?"

"நிலம் சேறு எண்டு விட்டிட்டாங்கள்."

"சின்னராசா அண்ணை ஆக்கள்?"

"அவையின்ர பக்கம் இறுக்கம்."

வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா, கேட்கவில்லை. கேட்டால் என்னையும் கேட்பாள்.

மண்ணெண்ணெய் முடிகிறது. சைக்கிள் சில்லு இன்னும் நிமிர்த்தவில்லை.

ஆடி 16, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம்.

சின்னராசா அண்ணை வந்தார். கட்டைபறிச்சானில் பூமணி அக்காவின் தமையன் இருக்கிறாராம், அங்கே போகிறார்கள். சாமானைத் தோணியில் ஏற்றிக் குடாவைக் கடப்பது. அங்கே கரைவலை இழுக்க இடம் கிடைக்குமா தெரியாது என்றார். கோபமாய் இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அது இன்னும் மோசம்.

"உங்கட வீட்டுக்கு ஒண்டும் இல்லாமல் போனது பெரிய காரியம் தம்பி. பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு எங்க போவியள்? பூமணியும் அதைத்தான் சொன்னவ."

கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. ஓலையும் சுவரும் போகட்டும், கூரை வளையையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார். முக்கியமாய் வாசல் நிலை. கலியாணம் முடித்த வருடம் வாங்கிய பாலை மரம். ஊரில் வேறு தச்சரைக் கேட்டால் உடைத்துவிடுவார்கள், நீங்கள்தான் அங்குலம் பிசகாமல் செய்கிறவர் என்றார்.

அங்குலம் பிசகாமல்.

கேட்க வந்ததைக் கேட்காமல் போகவும் அவரால் முடியவில்லை. படலையடியில் நின்று திரும்பினார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். உள்ளுக்க துரைமாரோட கதைக்கேக்க, எங்களுக்காகவும் ஒருக்காக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. கேட்டனான்."

தலையாட்டினார். "அது காணும்" என்றார். என் தோளில் தட்டினார்.

ஆடி 17, திங்கள்

லீவு கேட்டு எடுத்தேன். விடிய ஆறு மணிக்கே போனேன். பெண்பிள்ளைகள் பாத்திரங்களைத் தோணிக்குச் சுமந்தார்கள். பூமணி அக்கா தேத்தண்ணி தந்தார், வெளியே மூன்று கல் வைத்துக் கொதிக்கவைத்தது. குசினி கழற்றியாயிற்று.

நிலை லேசில் வரவில்லை. இரண்டு பக்கமும் சுவரை இடித்து, ஆப்பு அடித்து, அசைத்து அசைத்து எடுத்தோம். ஒரு கீறல் விழவில்லை. அங்கே போய்ச் சுவர் எழுப்பும்போது வாசலுக்கு எவ்வளவு விடுவது என்று அண்ணை கேட்டார். அளந்து, ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை அளக்காமல் மடியில் செருகிக்கொண்டார்.